கொழுப்பு அறையின் மூக்கு

டீக் கோப்பையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு ஓரங்களில் மட்டும் தொட்டுத் தூக்கி, சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொழுப்பு மேடம் வாயருகே கொண்டுபோவார். குடித்து முடித்ததும் கோப்பையைத் துடைத்துவிட்டு, விரல் ரேகை ஒட்டியிருக்கிறதா என்று மறுபடியும் ஒரு பார்வை. கேன்டீன்காரருக்கு இதில் நிரந்தர மனத்தாங்கல். "நாங்க கழுவுறது சரியில்லைன்னு மேடம் தினமும் ஊருக்கே காட்டுறாங்க" என்பார். குறை சொல்லும் எண்ணமெல்லாம் மேடத்துக்குக் கிடையாது. கை அப்படிப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைப்பதில்லை. தண்ணீரைச் சோதிப்பவர் தண்ணி சார். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாத மனிதர், வாசலில் யாராவது "தண்ணி சார் இருக்காரா?" என்று கேட்கும்போதெல்லாம் அவர் முகம் சுண்டிப்போகும். பாலைச் சோதிப்பவர் பாலக்கா. சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் நான் ஸ்டோர் சார். எண்ணெயும் வெண்ணெயும் வந்து சேரும் கடைசி அறை கொழுப்பு அறை. அதில் பல வருடமாக இருப்பவர் கொழுப்பு மேடம். ஆள் பெயருக்கு நேர் எதிர். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாது. போனை எடுத்து, "கொழுப்புதாங்க பேசறேன்" என்று அவர் பவ்யமாகச் சொல்வதும், எதிர்முனையில் இருப்பவர் திகைத்துப் போய் "அது தெரியுதுங்க, யாருன்னு சொல்லுங்க" என்று கேட்பதும் எங்களுக்கு வாரம் ஒருமுறை கிடைக்கும் இலவச வேடிக்கை.

அவருடைய அறையில் சாம்பல் நிறத்தில் ஒரு மெஷின் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை அது எண்ணெய்க்குள் செலுத்தும். எவ்வளவு ஒளி மறுபக்கம் வந்தது, எவ்வளவை எண்ணெய் விழுங்கியது என்று கோடு போட்டுக் காட்டும். எண்ணெயை அப்படியே ஊற்றக்கூடாது. துளி எடுத்து எடை போட்டு, ஹெக்சேன் என்ற திரவத்தில் கரைத்து, விரல் நீளமுள்ள ஒரு குவார்ட்ஸ் பெட்டியில் ஊற்ற வேண்டும். பெட்டிக்கு இரண்டு பக்கம் தெளிவு, இரண்டு பக்கம் மங்கல். மங்கலான பக்கத்தை மட்டும்தான் தொடலாம். மேடத்தின் கோப்பைப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். "தெளிஞ்ச பக்கத்துல விரல் பட்டுச்சுன்னா தீர்ந்தது. விரல்ல இருக்கறதும் கொழுப்புதானே? எண்ணெயைச் சோதிக்கச் சொன்னா மெஷின் என்னைச் சோதிச்சுட்டு உட்கார்ந்திருக்கும்" என்பார். சாதாரணக் கண்ணாடிப் பெட்டியும் உதவாது. கண்ணாடி அந்த ஒளியைத் தானே விழுங்கிவிட்டு, பழியை எண்ணெய் மேல் போட்டுவிடும்.

எண்ணெய் கெட்டுப்போவதை ஒளி எப்படிக் காட்டிக்கொடுக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். புத்தகத்தில் இருப்பதைச் சொல்லியிருந்தால் நான் கொட்டாவி விட்டிருப்பேன். மேடம் ஆபீஸ் பஸ்ஸை உதாரணம் காட்டினார்.

"நல்ல எண்ணெய்ல இரட்டைப் பிணைப்புகள்னு சில இருக்கு ஸ்டோர் சார். தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கும். பஸ்ல தெரியாதவங்க உட்கார்ற மாதிரி. சத்தமே இருக்காது. காத்துப் பட்டுக் கெட ஆரம்பிச்சா அதுல ஒண்ணு எழுந்து வந்து இன்னொண்ணு பக்கத்துல உட்கார்ந்துக்கும். பக்கத்துல உட்கார்ந்தா சும்மா இருப்பாங்களா? பேச்சு ஆரம்பிச்சுடும். அந்தப் பேச்சு 232ங்கிற அலைநீளத்துல கேக்கும்."

"நாம முகர்ந்தா தெரியாதா?"

"அந்தக் கட்டத்துல மூக்குக்குத் தெரியாது. கல்யாணம் ஆனப்புறம்தானே ஊருக்குத் தெரியும்? மெஷினுக்குப் பேச்சு ஆரம்பிக்கும்போதே தெரிஞ்சிடும்."

மெஷினுக்குப் பிடிபடாதவற்றைப் பிடிக்க வேறு வழிகளும் வைத்திருந்தார். வெள்ளை மாவு பூசிய தட்டின் கீழ் ஓரத்தில் எண்ணெயைப் புள்ளியாக வைத்து, கரைப்பான் திரவத்தில் நிறுத்துவார். ஒவ்வொரு வகைக் கொழுப்பும் தன் சக்திக்கு ஏற்ற உயரம் ஏறி நின்றுகொள்ளும். பிறகு தட்டை அயோடின் ஜாடிக்குள் வைத்தால், எதுவுமே இல்லாதது போலிருந்த வெள்ளையில் பழுப்புப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் மட்டும் மேடம் யாராவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவார். "வந்துட்டாங்க பாருங்க" என்பார், விருந்தாளிகளைச் சொல்வது போல.

ஆனால் அவர் பெயர் பரவியது மெஷினால் அல்ல, மூக்கால். ஒருநாள் என் அறை வாசலில் நின்றபடியே, "கீழ்த்தட்டுல ஏதோ ஒரு மூடி சரியா உட்காரலை போலிருக்கே ஸ்டோர் சார்" என்றார். குனிந்து பார்த்தால் ஹெக்சேன் பாட்டில் ஒன்று லேசாகத் திறந்திருந்தது. சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று நான் வீட்டில் சத்தியம் செய்திருந்த காலம் அது. வீட்டை ஏமாற்றிவிட்டேன், லிஃப்டில் மேடத்தை ஏமாற்ற முடியவில்லை. "மாடிப்படிக்குப் பின்னாடி நின்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். மானம் கப்பலேறிவிட்டது. அன்றைக்கே நிஜமாக விட்டுத் தொலைத்தேன். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற குணம் அவருக்குத் துளியும் இல்லை. மூக்கு தானாக நுழைந்துவிட்டால் அவர் என்ன செய்வார், பாவம்.

அந்த மூக்கை நம்பித்தான் எங்கள் வாசனை மேசை இருந்தது. ஒரு எண்ணெய் வந்தால் மெஷினுக்கு முன்பே ஐந்து பேர் அதை முகர்ந்து சொல்ல வேண்டும் என்பது விதி. மேடம், தண்ணி சார், பாலக்கா, டைரக்டர், நான். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாதபடி நடுவில் தடுப்புப் பலகைகள். எண்ணெயின் நிறம் தெரிந்து மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக நீலக் கோப்பைகள். அன்று சென்ட் கூடாது, வாசனைச் சோப்பு கூடாது, பேச்சும் கூடாது. முகர்ந்துவிட்டு நல்லது அல்லது கெட்டது என்று பென்சிலால் எழுதித் தர வேண்டும். ஆளுக்கு ஒரு ஓட்டு. ஆனால் எழுதாத விதி ஒன்றும் இருந்தது. மேடம் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தால் மற்ற நால்வரும் மறுபடி முகர்ந்து பார்ப்போம். அப்படி நடந்தபோதெல்லாம் பிற்பாடு மெஷின் மேடம் பக்கமே பேசியது. அதனால் எங்கள் நான்கு மூக்குகளுக்கும் தங்கள் தகுதி தெரிந்திருந்தது.

எங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. போன குளிர்காலத்தில் மேடத்துக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது அந்த மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வேலைக்குத் திரும்பிய அன்று ஹெக்சேன் பாட்டிலைத் திறந்திருக்கிறார். ஒன்றும் தெரியவில்லை. யாரோ தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டார்கள் என்று என்னைச் சந்தேகப்பட்டாராம். பிறகு சோப்பு, வினிகர், கடைசியில் அமோனியா. கண்ணில் தண்ணீர் கொட்டியது, மூக்கு கல்லாக இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "வரலாம், வராமலும் போகலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மேடம் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏன் என்று பின்னால் நான் கேட்டபோது அவர் சொன்னது இது: "மெஷினை யார் வேணா ஓட்டலாம் ஸ்டோர் சார். சொல்லிக்கொடுத்தா நீங்ககூட ஓட்டுவீங்க. அந்த மேசையில என் நாற்காலி மட்டும்தான் எனக்குன்னு இருந்துது. அது போச்சுன்னா நான் யாரு?"

எனவே விதியைத் தலைகீழாக்கினார். முதலில் மூக்கு, பிறகு மெஷின் என்பதை மாற்றி, எல்லோருக்கும் முன்னால் வந்து எண்ணெயை மெஷினில் பார்த்துக்கொண்டார். பாட்டிலுக்கும் நீலக் கோப்பைக்கும் ஒரே எண்தான். மேசையில் உட்கார்ந்து, முகர்வது போல முகர்ந்து, மெஷின் சொன்னதை எழுதினார். 232ல் கோடு தாழ்ந்திருந்தால் நல்லது. ஏறியிருந்தால், அல்லது இன்னும் முற்றிய கேடு தெரியும் 270ல் ஏறியிருந்தால், கெட்டது. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு இடத்தையும் பார்த்துவிட்டே வருவார். அதனால் ஒருநாள்கூடப் பிசகவில்லை. அந்த மாதங்களில் நான் மறுபடி மாடிப்படிக்குப் பின்னால் ஒதுங்க ஆரம்பித்திருந்தேன். லிஃப்டில் மேடம் ஒன்றுமே கேட்கவில்லை. பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த எண்ணெய் வந்தது. குழந்தைகள் ஆஸ்பத்திரியின் சமையலறைக்குப் போகவேண்டிய சரக்கு. அன்று காலையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. மெஷினின் விளக்கு சூடேறி நிலைக்கு வரவே நேரமாகிவிட்டது. மேடம் அவசர அவசரமாக 232ஐ மட்டும் பார்த்தார். கோடு தாழ்வாக இருந்தது. 270க்குப் போவதற்குள் மேசைக்கு மணி அடித்துவிட்டது. தாழ்ந்த கோட்டை நம்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

என் கோப்பையின் மூடியைத் தூக்கினேன். மூடிவைத்து மறந்துபோன பெயிண்ட் டப்பாவைத் திறந்தது போல ஒரு வீச்சம். பலகைக்கு அந்தப் பக்கம் தண்ணி சார் இருமினார். பாலக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம் கேட்டது. இதற்கெல்லாம் மூக்கே தேவையில்லை, முகத்தில் ஓட்டை இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன்.

டைரக்டர் சீட்டுகளைப் படித்தார். "கெட்டது. கெட்டது. கெட்டது. நானும் கெட்டதுன்னுதான் போட்டிருக்கேன்." கடைசிச் சீட்டைப் பிரித்தவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நல்லது. புதுசு." கண் படித்ததை மூக்கு ஏற்கவில்லை போலும், அந்தச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "மேடம் புதுசுங்கிறாங்க. எல்லாரும் இன்னொரு தடவை பார்த்துடலாமே."

பார்த்தோம். நாறியது. முதல் தடவையைவிட மோசமாக நாறியது. ஆனால் மேடமே நல்லது என்கிறாரே? என் மூக்கில் சிகரெட் புகை படிந்து நாசமாகிவிட்டதோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "எனக்கு ரெண்டு நாளா சளி. என் மூக்கை நம்பறதுக்கு இல்லை" என்று பாலக்கா முனகினார். டைரக்டர் பேச்சு கூடாது என்று சொல்லக்கூட மறந்து யோசித்துக்கொண்டிருந்தார். தண்ணி சார் தன் சீட்டைத் திரும்ப வாங்கி, பென்சிலின் பின்பக்க ரப்பரால் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

நாற்றம் கண்ணைக் கரிக்கிறது, ஆனாலும் நாங்கள் நால்வரும் அதை நல்லது என்று எழுதத் தயாராகிக்கொண்டிருந்தோம். இன்னும் ஒரு நிமிடம் மேடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நாற்காலி அவருக்கே. மூக்கின் புகழ் இன்னும் ஒரு சுற்று பெருத்திருக்கும். எண்ணெய் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும்.

"தேய்க்காதீங்க தண்ணி சார்."

மேடத்தின் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்றும் உயரவில்லை.

"யாரும் எதையும் மாத்தாதீங்க. எனக்கு வாசனை தெரியாது. காய்ச்சலுக்கு அப்புறம் எதுவுமே தெரியலை. மெஷினைப் பார்த்துட்டு வந்துதான் இத்தனை நாளும் எழுதிக்கிட்டிருந்தேன். இன்னிக்கு அதையும் சரியாப் பார்க்கலை."

தண்ணி சார், ரப்பரைப் பிடித்த கை அப்படியே நிற்க, "அப்போ நான் எழுதினது சரிதானா மேடம்?" என்று கேட்டார்.

"ரொம்பச் சரி. உங்களுக்கு நாறினா அது நாறுதுதான். உங்க மூக்கை நீங்க நம்புங்க சார்."

எல்லோரையும் அழைத்துக்கொண்டு போய் மெஷினை ஓட்டிக் காட்டினார். 270ல் கோடு செங்குத்தாக ஏறி நின்றது. "பக்கத்துல உட்கார்ந்து பேசிட்டிருந்தவங்க சண்டை போட்டு இறங்கிப் போயிட்டாங்க" என்றார் என்னைப் பார்த்து. "ரொம்ப முத்திப்போனா சில சமயம் அப்படி ஆகும். 232ல தேடினா ஆளைக் காணோம். இங்க வந்து நின்னு கத்திக்கிட்டு இருக்காங்க. எனக்குத் தெரியாத விஷயமா இது?" அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது. மூக்குப் போனதற்கு அழாதவர், 270ஐப் பார்க்காமல் விட்டதற்கு அழுதார்.

எனக்குக் கோபம் வந்தது. மாதக்கணக்காக எங்கள் எல்லோர் கண்ணிலும் மண்ணைத் தூவியிருக்கிறாரே என்ற கோபம். அது அவர் முகத்தைப் பார்த்ததும் நிற்கவில்லை.

டைரக்டர் கத்துகிற மனிதர் இல்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நாற்காலி போயிடும்னு பயந்துட்டேன் சார்."

"இப்பவும் போகத்தானே போகுது."

"ஆமா சார்."

மெஷின் அவரிடமே இருக்கட்டும், மேசைக்கு மட்டும் இனி வரவேண்டாம் என்று முடிவானது. காய்ச்சலுக்குப் பின் வந்த எண்ணெய் எல்லாவற்றிலும் மிச்சம் வைத்த பாட்டில்களை எடுத்து மற்றவர்கள் மறுபடி முகர்ந்து பார்க்க வேண்டும் என்று மேடமே கேட்டுக்கொண்டார். பின்னால் நாங்கள் முகர்ந்து முடித்தபோது எதிலும் பிசகு இல்லை. அன்று மாலை அது எங்களில் யாருக்கும் தெரியாது.

பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும், "ஸ்டோர் சார், எங்கூட வீடு வரைக்கும் வர்றீங்களா? அவர்கிட்டயும் இன்னிக்கே சொல்லிடணும். தனியாப் போனா வாய் வராது" என்றார்.

"வீட்லயும் சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? கடைக்கு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் என் மூக்கைப் பத்தித்தான் பெருமை அடிச்சுக்குவார்." கணவர் தையல் மெஷின் பழுது பார்ப்பவர், வீட்டின் முன்னறைதான் கடை. "ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு போச்சு. கேஸ் வீடு பூராப் பரவியிருக்கு, நான் அங்கேயே நின்னு வெங்காயம் நறுக்கிட்டிருக்கேன். அவர் ஓடி வந்து திருகை மூடினார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஜலதோஷம்னு சொல்லிட்டேன். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை. நம்பிட்டார்."

நாங்கள் போனபோது அவர் ஒரு மெஷினைக் கவிழ்த்துப் போட்டு அதன் வயிற்றைக் குடைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க, வாங்க. உட்காருங்க, ஒரு நிமிஷத்துல டீ போட்டுடறேன்."

"இருங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று மேடம் அவர் பின்னாலேயே போனார். சமையலறைக் கதவு திறந்தே இருந்ததால், நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது.

"சொல்லு, கேட்டுட்டேதான் இருக்கேன்" என்றார் அவர். சொல்லிக்கொண்டே குனிந்து கேஸ் குழாய் அடுப்போடு சேரும் இடத்தை முகர்ந்தார். நிமிர்ந்து, குளிர்பெட்டியிலிருந்து பாலை எடுத்து, மூடியைத் திறந்து முகர்ந்தார். தலையை ஆட்டிவிட்டுப் பாத்திரத்தில் ஊற்றினார். வெண்ணெய் டப்பாவைத் திறந்து அதையும் முகர்ந்து, நேற்றைய ரொட்டியையும் முகர்ந்து, ஒவ்வொன்றாக மேடையில் எடுத்து வைத்தார். தினமும் செய்கிற வேலையைச் செய்பவருக்கு இருக்கும் வேகம் அதில் இருந்தது.

"என்னமோ சொல்லணும்னியே?" என்றார் திரும்பாமல்.

மேடம் வாசற்படியிலேயே நின்றிருந்தார். அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல உள்ளே போய், மேல்தட்டிலிருந்த சமையல் எண்ணெய் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து, கணவரின் மூக்கருகே நீட்டினார்.